பத்திரம் படிக்கும் செல்போன்!

எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். லாரிக்குப் பின்னால் லாரி வரும். ஒவ்வொரு லாரியின் முதுகிலும் ஒரு கண்டெய்னர் பெட்டி இருக்கும். சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, துருப்பிடித்த பெட்டி. திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. சாலையைக் கடக்க முடியாமல் அலுத்துக்கொள்வோமே தவிர, அந்தப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

இனிமேல் பாருங்கள். பெட்டியின் கதவில், மேலே, 4 ஆங்கில எழுத்துகள் இருக்கும். அடுத்து 6 எண்கள். அதற்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கட்டத்துக்குள், தனியாக ஓர் எண்.

அந்தத் தனி எண்தான் காவல்காரன்!

எந்த நாட்டுக் கப்பலில் வந்த பெட்டியானாலும் இதே முறைதான். சென்னைத் துறைமுகத்தில் 1983-ம் ஆண்டில் பெட்டிகளுக்கென்றே தனி இடம் அமைத்தார்கள். 2001-ல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் வந்தது. இப்போது அதற்குக் காமராஜர் பெயர். இரண்டுக்கும் போகிற வருகிற பெட்டிகள் எல்லாமே இந்த 11 அடையாளங்களைச் சுமந்துதான் போகின்றன.

முன்பெல்லாம் துறைமுக வாசலில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக நின்று இந்த எண்ணை எழுதிக்கொள்வார். இன்று உலகத்தின் பல துறைமுகங்களில் அந்த வேலையைக் காமிரா செய்கிறது. லாரி நகர்ந்துகொண்டிருக்கும்போதே படம் பிடிக்கிறது. படத்தில் உள்ள எழுத்தை எந்திரம் படிக்கிறது.

ஆனால் பெட்டியில் சேறு இருக்கலாம். சாயம் உரிந்திருக்கலாம். 8 என்ற எண் 3 போலத் தெரியலாம். எந்திரம் தப்பாகப் படித்துவிட்டால் என்ன ஆகும்? சிங்கப்பூருக்குப் போகவேண்டிய சாமான் வேறு எங்கோ போய்ச் சேரும்!

காவல்காரன் செய்யும் கணக்கு

இந்த முறையை விளக்குவதற்கு வழக்கமாக ஒரு பெட்டியின் எண்ணை உதாரணம் காட்டுவார்கள். சி, எஸ், கியூ, யூ என்று 4 எழுத்துகள். பிறகு 305438. கட்டத்துக்குள் 3.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. முதல் இடத்தில் இருப்பதை 1-ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவதை 2-ஆல். அடுத்தது 4, அடுத்தது 8, அடுத்தது 16 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 6185 வருகிறது. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்தில் இருப்பதும் 3. கணக்கு சரி!

எந்திரம் கடைசி 8-ஐ 3 என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 3625 ஆகிவிடும். 11-ஆல் வகுத்தால் மீதி 6. கட்டத்திலோ 3 இருக்கிறது. உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். மணி அடிக்கும். ஓர் ஆள் வந்து பெட்டியை நேரில் பார்ப்பார்.

உங்கள் ஆதார் அட்டையிலும் இப்படி ஒரு காவல்காரன் இருக்கிறான். 12 எண்களில் கடைசி எண் அதுதான். 1969-ல் வெர்ஹோஃப் என்ற ஹாலந்து நாட்டுக் கணித நிபுணர் வெளியிட்ட முறை அது. ஓர் எண் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. துறைமுக வாசலில் இருக்கும் அந்தப் படிக்கும் எந்திரம் இப்போது நம் சட்டைப் பைக்கே வந்துவிட்டது. பெட்டிக்குக் காவல் இருக்கிறது. நம் வீட்டுப் பத்திரத்துக்குக் காவல் இருக்கிறதா?

சட்டைப் பைக்குள் ஒரு குமாஸ்தா

செல்போன் காமிராவை ஒரு காகிதத்தின் மேல் காட்டுகிறோம். படம் எடுக்கிறோம். இரண்டு மூன்று விநாடிதான். காகிதத்தில் இருந்த எழுத்தெல்லாம் திரையில் எழுத்தாகவே வந்து நிற்கிறது. அதைத் திருத்தலாம். வேறு ஒருவருக்கு அனுப்பலாம். மொழிபெயர்க்கச் சொல்லலாம். உரக்கப் படிக்கவும் சொல்லலாம்!

வடசென்னையில் இதற்கு வேலை அதிகம். லாரி டிரைவர் கையில் கொடுக்கும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. தொழிற்சாலைக் கதவில் தமிழில் எச்சரிக்கை எழுதியிருக்கிறது. உள்ளே வேலை செய்பவரோ பீகாரிலிருந்து வந்தவர், இந்திதான் படிப்பார். பி.எஃப். அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை. இப்படிப்பட்ட நேரங்களில் செல்போன் ஒரு குமாஸ்தாவாகிவிடுகிறது. சம்பளம் கேட்காத குமாஸ்தா. ஆனால் சில சமயம் தூங்கிவழியும் குமாஸ்தா!

எந்திரம் எப்படிப் படிக்கிறது? அதற்குக் கண் இல்லை. படம் என்பது அதற்கு வெறும் கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி. முதலில் கோணலாக இருக்கும் காகிதத்தை நேராக்கிக்கொள்கிறது. நிழலை நீக்குகிறது. வரி வரியாகப் பிரிக்கிறது. பிறகு, "இந்த வளைவு எந்த எழுத்தாக இருக்கும்?" என்று தேடுகிறது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அச்சு மாதிரியை வைத்துக்கொண்டு பொருத்திப் பார்த்தார்கள். இப்போது வேறு வழி. லட்சக்கணக்கான வரிகளின் படத்தையும், அதற்குச் சரியான விடையையும் எந்திரத்துக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தப்பாகச் சொன்னால் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையைக் காட்டிச் சொல்லித் தருவது மாதிரிதான்.

இந்தத் துறையில் பெயர் பெற்ற டெசராக்ட் என்ற படிப்பான், எச்.பி. கம்பெனியில் 1985-ல் பிறந்தது. 2005-ல் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மறு ஆண்டிலிருந்து கூகிள் கம்பெனி அதை வளர்த்தது. தமிழுக்குப் பாடுபட்டவர்களும் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி.ராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ் படிக்கும் எந்திரத்தை உருவாக்கினார்கள். அது படித்த புத்தகங்கள் பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் நூல்களாக மாறின.

தமிழ் என்றால் எந்திரத்துக்குத் திணறல்!

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. பெரிசு, சிறிசு சேர்த்தால் 52. தமிழிலோ 247. இது மட்டுமா? "கொ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் "க". மூன்றையும் சேர்த்து ஒரே எழுத்தாக எந்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். "கால்" என்கிற துணை எழுத்தும் "ர" என்ற எழுத்தும் பல அச்சுகளில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். "ன"வும் "ண"வும் ஒரு சுழிதான் வித்தியாசம். கண்ணன் கன்னன் ஆகிவிட்டால் வங்கியில் யார் ஒப்புக்கொள்வார்கள்?

பழைய பத்திரங்கள் என்றால் இன்னும் சங்கடம். 1978-ம் ஆண்டில் தமிழக சர்க்கார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பெரியார் 1930-களிலேயே தம் பத்திரிகைகளில் கையாண்ட முறை அது. அதற்கு முன் "னை", "லை", "ளை" ஆகியவற்றுக்கு மேலே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் அந்தத் துதிக்கையைப் பார்த்ததும் எந்திரம் விழிக்கும்.

இன்னும் பழைய பத்திரங்களில் எண்ணே தமிழ் எண்ணாக இருக்கும். ஒன்றுக்குக் "க" மாதிரி ஒரு குறி. இரண்டுக்கு "உ" மாதிரி. ஏழுக்கு "எ", எட்டுக்கு "அ". எந்திரம் அதை எண் என்று தெரிந்துகொள்ளாமல் எழுத்து என்று நினைத்துவிடும். எட்டு அடிச் சந்து எழுத்தாகிக் காணாமல் போய்விடும்! கையால் எழுதிய பத்திரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பத்திரம் எழுதிப் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால், செல்போனை மூடி வைத்துவிட்டு அவரிடம் போவதே மேல்.

படிப்பது எங்கே?

வாசகர்கள் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. செல்போன் படம் எடுக்கிறது. ஆனால் பல சமயங்களில் படிப்பது செல்போன் அல்ல!

திருவொற்றியூர் தியாகராஜர் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். சுவரெல்லாம் சோழர் காலத்துக் கல்வெட்டு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்க்கார் கல்வெட்டு இலாகாவினர் அவற்றைப் படி எடுத்தார்கள். ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்துப் பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். மற்ற இடம் கறுப்பாகும். அந்தக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். இலாகாவின் தலைமை அலுவலகம் 1903 முதல் ஊட்டியில் இருந்தது. 1966-ல் மைசூருக்குப் போனது. கல் திருவொற்றியூரில், படிக்கும் நிபுணர் ஊட்டியில்!

செல்போனிலும் அதே கதைதான். படத்தை இங்கே எடுத்து, எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் கூடத்துக்கு அனுப்புகிறது. அங்கே படித்து, விடையை இங்கே அனுப்புகிறார்கள். அந்தக் கூடங்களைத்தான் "கிளவுட்", அதாவது மேகம், என்கிறார்கள். பெயர்தான் மேகம். உண்மையில் அது குளிர்சாதனம் போட்ட கட்டடம். அம்பத்தூரில் இருக்கலாம், மும்பையில் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம். சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் கடலுக்கடியில் 2002-லேயே கம்பி போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பத்திரம் கப்பல் ஏறாமலே கடல் கடந்து போய்விட்டு வரலாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். செல்போனில் விமானப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் வெளித்தொடர்பு அறுந்துவிடும். வைஃபையும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரு காகிதத்தைப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால், செல்போனே படிக்கிறது என்று அர்த்தம். "நெட் இல்லை" என்று கைவிரித்தால், காகிதம் வெளியே போகிறது என்று அர்த்தம். ஆங்கில எழுத்தைப் பல போன்கள் தாமே படித்துவிடும். தமிழுக்குப் பெரும்பாலும் மேகத்தின் தயவு வேண்டும்.

10 கோடிப் பேர் வைத்திருந்த செயலி

வெளியே போனால் என்ன? சினிமா விளம்பரமோ பள்ளிப் பாடமோ போனால் ஒன்றுமில்லை. வீட்டுப் பத்திரமும் ஆதாரும் வங்கிப் புத்தகமும் போனால்?

கேம்ஸ்கேனர் என்ற செயலி ஞாபகம் இருக்கிறதா? காகிதத்தைப் படம் எடுத்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும் செயலி அது. 10 கோடி தடவைக்கு மேல் இறக்கப்பட்டது. 2019 ஆகஸ்டு மாதம், அதற்குள் விளம்பரம் காட்டும் பகுதியில் விஷம வேலை செய்யும் நிரல் ஒளிந்திருப்பதை காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. கூகிள் தன் கடையிலிருந்து அதை நீக்கியது. சரிசெய்த பின் திரும்பவும் வந்தது. பிறகு 2020 ஜூன் 29-ந்தேதி, 59 செயலிகளை இந்திய சர்க்கார் தடை செய்தபோது, கேம்ஸ்கேனரும் அந்தப் பட்டியலில் இருந்தது. மக்களின் விவரங்களை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவதாகப் புகார்கள் வந்திருப்பதாக சர்க்கார் கூறியது.

அதற்காகப் பயந்து, எதையும் படம் எடுக்காமலே இருந்துவிடலாமா? அதுவும் கூடாது. எண்ணூர் மக்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தது. மணலிப் பக்கமிருந்து வந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. தண்ணீரில் நனைந்த காகிதத்தை வெயிலில் காயவைத்து எடுக்கலாம். எண்ணெயில் ஊறிய காகிதத்தை என்ன செய்வது? 2015 வெள்ளத்தின்போதும் இதே கதைதான். சர்க்கார் தனி முகாம்கள் நடத்தி, தொலைந்த சான்றுகளுக்கு நகல் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே படம் எடுத்து வைக்கத்தான் வேண்டும். எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். சர்க்காரே 2015-ல் டிஜிலாக்கர் என்ற பெட்டகத்தைத் தொடங்கியது. சர்க்கார் இலாகா நேராக அதற்குள் அனுப்பும் சான்றுக்கு அசலின் மதிப்பு உண்டு. நாமே படம் எடுத்து ஏற்றும் காகிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆதார் நகல் கொடுக்கவேண்டி வந்தால், முதல் 8 எண்களை மறைத்து, கடைசி 4 எண்களை மட்டும் காட்டும் ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது.

பத்திரத்துக்கு யார் காவல்?

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். பெட்டிக்குக் காவல் எண் உண்டு. ஆதாருக்கு உண்டு. வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணுக்கு உண்டா?

இல்லை!

127/3 என்று பத்திரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் சாய்கோட்டை எந்திரம் 1 என்று படித்துவிடும். 12713 ஆகிவிடும். எந்த மணியும் அடிக்காது. கூட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. அதை அப்படியே வில்லங்கச் சான்று மனுவில் போட்டால், வருவது வேறு யாருடைய நிலமோ! நான்கு எல்லைகளில் "வடக்கில்" என்பது "கிழக்கில்" ஆவது அபூர்வம். ஆனால் அடிக்கணக்கில் ஒரு புள்ளி விழுந்துவிடுவது சாதாரணம். 20.5 அடி 205 அடி ஆகும். பெயருக்கு முன்னால் இருக்கும் தலைப்பெழுத்தும் இப்படித்தான் நழுவும்.

அப்படியானால் காவல் யார்? இரண்டு பேர். ஒருவர் செல்போனில் வந்த எழுத்தை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் அசல் காகிதத்தில் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும்.

"சர்வே நம்பர் நூத்தி இருபத்தேழு பை மூணு. சரியாம்மா?"

"சரி, மேல படி."

"மேற்கே முனுசாமி மனை..."

"இருடா, இருடா. முனியசாமின்னு இருக்கு பாரு!"

இந்த இரட்டைக் காவலுக்குப் பெரிய உதாரணம் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. அதன் பெயர் விக்கிமூலம். நாட்டுடைமையான தமிழ் நூல்கள் 2 ஆயிரத்துக்கும் மேல், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதில் ஏற்றப்பட்டன. 2015-ல் கூகிளின் படிப்பான் தமிழையும் படிக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. எனவே த.சீனிவாசன் என்ற தமிழ்க் கணினி ஆர்வலர், பக்கங்களைத் தானாகவே அனுப்பி எழுத்தை வாங்கிவரும் நிரல் ஒன்றை எழுதினார். எந்திரம் மலைபோல் படித்துக் குவித்தது.

ஆனால் எந்திரம் படித்ததை அங்கே யாரும் அப்படியே நம்பவில்லை. எந்திரம் படித்த பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் அசலோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறு ஒருவர் மறுபடி பார்த்துச் சரி என்றால்தான் பச்சை! திருத்தியவரே பச்சை கொடுக்க முடியாது. சம்பளம் இல்லாமல், மாணவர்களும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். சிவப்பாகக் காத்திருக்கும் பக்கங்கள் இன்னும் ஏராளம். கூட்டுப் புழுக்கூட்டம் மாதிரி எழுத்துப் பிழைகள்! படிக்கத் தெரிந்த எவரும் ஒரு பக்கத்தை எடுத்துத் திருத்தலாம்.

நிமிடத்துக்கு ஒரு சொல்

இந்த எந்திரங்களின் ஆதி நோக்கமே வேறு. பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவதுதான். இங்கிலாந்தில் ஃபூர்னியர் டால்ப் என்ற விஞ்ஞானி, அச்செழுத்தை இசை ஒலியாக மாற்றும் கருவி ஒன்றைச் செய்தார். 1918-ல் மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண்மணி, அந்த ஒலியைக் கேட்டே பொதுமக்கள் முன்னிலையில் படித்துக் காட்டினார். வேகம் எவ்வளவு தெரியுமா? நிமிடத்துக்கு ஒரு சொல்! 1976-ல் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் என்பவர், எந்த அச்சையும் மனிதக் குரலில் படிக்கும் எந்திரத்தை வெளியிட்டார். மேஜை அளவு பெரியது. பாடகர் ஸ்டீவி வொண்டர் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

இன்று அந்த மேஜை, கைக்குள் அடங்கிவிட்டது. கண் மங்கிய பாட்டிக்கு மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று செல்போன் படித்துச் சொல்கிறது. மருந்தின் பெயரைத் தடங்கல் இல்லாமல் சொல்லும். காலாவதித் தேதியில்தான் தடுமாறும். பளபளக்கும் தகட்டில் வெறும் பள்ளமாக அழுத்தியிருப்பார்கள், மை இருக்காது. அட்டையை விளக்குக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும். அப்போது படம் எடுங்கள். பிறகு பேரனைக் கூப்பிட்டு, அவனும் ஒரு தடவை அந்தத் தேதியைப் பார்க்கட்டும்.